ஜெட் ரோபோ மக்கர் பண்ணுகிறதா? டர்பன் வீட்டு மேசையிலேயே பார்க்கலாம்

ஹாங்காங் கடையிலிருந்து தர்ட் பார்ட்டி ஜெட் ரோபோ, அதாவது போர் விமானமாகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மை, வரவழைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கடையில் போட்ட விலை ஒன்று. கூரியர், சுங்கம், அதற்கு மேல் 15 சதவீத வாட் எல்லாம் சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கைக்கு வரும்போது விலை வேறு. திருப்பி அனுப்புவதென்றால் கூரியர் காசு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அதனால் வெளிநாட்டு விமர்சனக்காரர்கள் பார்க்கிற மாதிரி நாமும் பார்த்தால் கட்டுப்படியாகாது. அழகு, பிரமாண்டம் எல்லாம் இருக்கட்டும். இதில் இருக்கிற கோளாறு நம் மேசையில் சரியாகுமா, ஆகாதா? டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உட்கார்ந்து ஒரு பொம்மையை எடைபோடுகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் செய்யும் ஹாஸ்ப்ரோவும் டகாரா டோமியும் (முன்பு டகாரா) உரிமை கொடுக்காமல் வேறு நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்து விற்பதுதான் தர்ட் பார்ட்டி. 1984ல் ஹாஸ்ப்ரோ, டகாராவின் பழைய பொம்மைகளை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்கத் தொடங்கியபோதே எஃப்-15 ஈகிள் போர் விமானமாக மாறும் ஸ்டார்ஸ்க்ரீம் என்ற ரோபோ அதில் இருந்தது. டகாரா 2003ல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் வரிசையில் 2006ல் அதன் பெரிய வடிவம் வந்தது. மேக்ராஸ் அனிமேயில் ரோபோவாக மாறும் வால்கிரி விமானத்தை வடிவமைத்த ஷோஜி கவாமோரி இதிலும் கைவைத்ததால் ஜெட் உருவம் அசல் விமானத்துக்கு வெகு அருகில் வந்தது. ஆனால் ரோபோவாக நிறுத்தினால் ஜெட்டின் பாகங்கள் இடுப்பின் இருபுறமும் தொங்கின. ஜெட் ஒல்லியாக இருந்தால் ரோபோ எங்கோ உப்பும், ரோபோ சீராக இருந்தால் ஜெட்டின் வயிற்றில் கைகள் தெரியும். இன்று வரும் தர்ட் பார்ட்டி ஜெட்டுகள் எல்லாம் இந்தப் பேரத்துக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்பவைதான்.

கோளாறுகளை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். வடிவமைப்பிலேயே இருப்பது: அதை யாராலும் திருத்த முடியாது, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்கலாம். பூட்டும்போது வந்தது: ஸ்க்ரூ, பின், தலைகீழாக மாட்டிய பாகம். இதை வீட்டில் சரிசெய்யலாம். பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ இருப்பது: விரிசல், உதிர்தல். இதற்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் வந்த சில நாளுக்குள். கீழே அறிகுறி அறிகுறியாகச் சொல்வதெல்லாம் ஒரு கோளாறு இந்த மூன்றில் எதில் சேரும் என்று கண்டுபிடிக்கத்தான்.

மேசையில் என்ன வேண்டும்? நல்ல முனையுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், பல்குச்சி, போன் டார்ச், கொஞ்சம் பிரெஸ்டிக் (சுவரில் தாள் ஒட்டும் களிமண் போன்ற பசை), ஒரு குப்பி சிலிக்கோன் எண்ணெய். டிரெட்மில் பட்டைக்குப் போடும் கலப்பில்லாத சிலிக்கோன் எண்ணெய் நன்றாக வேலை செய்யும், ஜிம் சாமான் கடையில் கிடைக்கும். எல்லா வீட்டு கராஜிலும் ஒரு க்யூ20 எண்ணெய் ஸ்ப்ரே டப்பா இருக்கும், கை தானாக அதைத் தேடிப் போகும். வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ஸ்ப்ரே இறுக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கை நாளடைவில் வெடிக்க வைக்கக்கூடும். அது கேட் கீலுக்கு, ரோபோவின் தோளுக்கு அல்ல.

பெட்டியைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று படுகிறது

பெட்டியை வெட்டும்போதே போனில் வீடியோ எடுங்கள், நடுவில் நிறுத்தாமல். உள்ளே இருப்பதை உடனே மாற்றத் தொடங்காதீர்கள். எந்த உருவத்தில் வந்ததோ அதிலேயே வைத்து இடது வலது பாருங்கள். இரண்டு கையிலும் கட்டைவிரல் உள்பக்கம் இருக்கிறதா? இரண்டு முழங்காலும் ஒரே திசையில் மடங்குகிறதா? ஒரே பக்கத்துப் பாதம் இரண்டு மாட்டி வருவது இந்த உலகத்தில் அதிசயமே இல்லை. இறக்கைகளை மேலிருந்து பாருங்கள், ஸ்க்ரூ மூடிகளை எண்ணுங்கள், ஏவுகணைகளைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரு பாகம் கூடுதலாக வந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். முதல் ஈட்டில் ஏதோ உடைந்து புகார் வந்து, தயாரிப்பாளர் மாற்றுப் பாகத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கலாம். எந்த இடத்துப் பாகம் என்று பார்த்துவிட்டால் உங்கள் பொம்மையில் கவனமாகத் தொட வேண்டிய இடம் எது என்றும் தெரிந்துவிடும்.

மூக்கு வளைந்திருக்கிறது, ஏவுகணை வாழைக்காய் மாதிரி இருக்கிறது

இது கோளாறே இல்லை. கூர்மையான பாகங்களை மென்மையான பிவிசியில் செய்கிறார்கள், பெட்டிக்குள் அழுந்தி வளைந்துவிடுகிறது. கொதித்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய வெந்நீரில் அந்தப் பாகத்தை மட்டும் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஹேர் டிரையரைவிட இது நல்லது. சூடு ஒரே சீராகப் படும், பக்கத்துப் பெயின்ட் தப்பிக்கும். மின்வெட்டு நேரத்திலும் ஃப்ளாஸ்க் தண்ணீரில் வேலை முடிந்துவிடும்.

ஜெட்டாக மடித்தால் மூடவில்லை, முதுகில் இடைவெளி தெரிகிறது

அதிகம் பேர் வந்து நிற்பது இங்கேதான். பொம்மைகள் அதிகம் உடைவதும் இங்கேதான்.

இறக்கை பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். எல்லாரும் என்ன செய்வார்கள்? அந்த இடத்தையே அழுத்துவார்கள். கோளாறு தெரிகிற இடம் அது, இருக்கிற இடம் அநேகமாக வேறு. எஃப்-15 ரோபோக்களில் பெரும்பாலும் விமானி அறை மார்பாகும், பின்னுடல் கால்களாகும், எஞ்சின் முனைகள் பாதங்களாகும், கைகள் விமானத்தின் வயிற்றில் ஒளியும். கை உள்ளே அரை மில்லிமீட்டர் மேலே நின்றால், அது மேல் தகட்டைத் தள்ளும், மேல் தகடு இறக்கையைத் தள்ளும், நம் கண்ணுக்கு இறக்கை மட்டும் தெரியும்.

அதனால் பின்னாலிருந்து வாருங்கள். கடைசியாக மடித்ததை முதலில் பிரியுங்கள். இப்போது இடைவெளி போய்விட்டதா? இல்லையென்றால் அதற்கு முந்தைய மடிப்பு. எந்த மடிப்பைப் பிரித்ததும் மற்றவையெல்லாம் இயல்பாக அமர்கின்றனவோ, இடிப்பது அங்கேதான்.

இடம் இன்னும் பிடிபடவில்லையென்றால் பிரெஸ்டிக் உதவும். அரிசி அளவுக்கு இரண்டு மூன்று உருண்டை உருட்டி, சந்தேகப்படும் இடங்களில் ஒட்டுங்கள்: முன்கையின் மேல், முட்டியில், தலை ஒளியும் குழியின் விளிம்பில். விசை கொடுக்காமல் மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். உருண்டையாகவே இருந்தால் அங்கே இடம் நிறைய இருக்கிறது. பாதி சப்பையானால் தொடுகிறது, ஆனால் தடுக்கவில்லை. தாள் போல மெலிந்து, எதிர்ப்பக்கத்துத் தகட்டின் கோடு அதில் பதிந்திருந்தால் குற்றவாளி அகப்பட்டான். பதிந்த கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கையை முன்னே தள்ள வேண்டுமா பின்னே தள்ள வேண்டுமா என்பதும் தெரியும். பெரும்பாலும் விடை மிகச் சாதாரணமாக இருக்கும்: கை விரல்கள் முழுக்க மடங்கியிருக்காது, மணிக்கட்டு கால் திருப்பம் குறைவாக நின்றிருக்கும், கழுத்து ஒரு படி கீழே இறங்காமல் இருக்கும். கையேட்டுப் படத்தில் இதெல்லாம் ஒரு சின்ன அம்புக்குறியாக இருக்கும், கண்ணில் படாது.

எல்லாம் சரியான இடத்தில் இருந்தும் தகட்டைப் பூட்டும் நாக்கு அதன் குழிக்குள் போகவில்லையா? பெயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். விற்பனைக்கு முன் காட்டும் மாதிரிப் பொம்மை பெயின்ட் இல்லாமல் கச்சிதமாக மூடும். அதே அச்சில் வந்த பாகத்துக்கு இரண்டு பூச்சு ஏறியதும் நாக்கு தடித்துவிடும், குழி சுருங்கிவிடும். சாம்பல் நிற மாதிரியை வைத்துப் புகழ்ந்து தள்ளும் வீடியோவை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். குழிக்குள் இருக்கும் பெயின்ட்டைப் பல்குச்சியால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். வெளியே தெரியாத இடம்தான்.

இவ்வளவும் செய்து இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவுக்கு இடைவெளி விட்டு நின்றால் அது வடிவமைப்பு. விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நின்றால் பூட்டியதில் பிசகு.

ஜெட் உருவம் ஏதோ ஒட்டவில்லை, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை

அளவுகோல் எடுங்கள். அசல் எஃப்-15ன் நீளம் 19.43 மீட்டர், இறக்கை அகலம் 13.05 மீட்டர். நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உங்கள் ஜெட் 30 சென்டிமீட்டர் நீளமென்றால் இறக்கை முனைக்கு முனை 20 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 17 வந்தால், ரோபோவின் முதுகில் இறக்கை பெரிதாகத் தெரியக் கூடாது என்று குறைத்திருக்கிறார்கள். 22 வந்தால் கார்ட்டூன் தோற்றத்துக்காகக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டும் குற்றமில்லை. நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்புறம் வால். எஃப்-15ன் இரட்டை வால் நேராக நிற்கும், எஃப்-18, எஃப்-22 போல வெளிப்பக்கம் சாயாது. உங்களுடையது சாய்ந்து நின்றால் பெரும்பாலும் வாலின் முளை முழுக்க இறங்கவில்லை. கிடைமட்ட வாலின் முன்விளிம்பில் பல் போல ஒரு வெட்டு இருக்க வேண்டும். அதைக்கூடச் செதுக்கியிருந்தால் வடிவமைத்தவர் விமானப் படத்தைப் பக்கத்தில் வைத்து வேலை பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: வயிறு தடித்துக் கைகள் தொங்கினால், அதுதான் முன்னே சொன்ன பேரத்தின் விலை. அலமாரியில் கண் மட்டத்துக்குக் கீழே வைத்தால் பாதி மறையும்.

மூக்கு தொங்குகிறது, சக்கரத்தில் நிற்கவில்லை

மூக்கு தொங்கினால் கீலின் ஸ்க்ரூவை முதலில் பாருங்கள். ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தும் தொங்கினால், பூட்டும் நாக்கு தேய்ந்திருக்கிறது அல்லது பிறப்பிலேயே மெலிவு. கீழே மூட்டுக்குச் சொல்லும் பூச்சு மருந்தே இதற்கும். முன்சக்கரக் கால் மடங்கிப் படுத்தால் அது முழுக்கத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன 'டக்' கேட்கும் வரை தள்ள வேண்டும்.

ரோபோ பின்னால் விழுகிறது

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். "அண்ணா, முட்டி லூஸ், டைட் பண்ணிட்டேன், அப்பவும் விழுது." முட்டி ஸ்க்ரூவை உயிர் போகிற அளவுக்கு இறுக்கியிருந்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிகால் முளை மடங்கிய நிலையிலேயே இருந்தது. அதை வெளியே இழுத்ததும் பொம்மை நின்றது. அப்புறம் முட்டியை ஒரு கால் திருப்பம் தளர்த்தினோம்.

ஜெட் ரோபோக்களுக்கு இது பிறவிக் குணம். இறக்கை, வால், மூக்கு எல்லாம் முதுகில் போய் உட்காருவதால் எடை மையம் குதிகாலுக்கு அருகில், சில சமயம் அதற்கும் பின்னால் போய்விடுகிறது. அதனால்தான் குதிகால் முளை வைக்கிறார்கள். அது திறந்திருக்கிறதா என்பதே முதல் சோதனை.

அது சரியாக இருந்தும் விழுகிறதென்றால், சமமான டைல் தரையில் நிறுத்தி, இடுப்பை விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டு, பாதத்தின் முன்முனைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை நுழைத்து இழுங்கள். பிறகு குதிகாலுக்கு அடியில். முன்னால் தாள் வழுக்கிக்கொண்டு வந்து, பின்னால் சிக்கினால் எடை முழுக்கப் பின்னால் இருக்கிறது: கணுக்காலை முன்பக்கம் ஒரு படி சாய்த்து, முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள். இரண்டு இடத்திலும் தாள் ஒரே மாதிரி சிக்கும் நிலைதான் சரி. ஒரு பாதத்தில் மட்டும் எங்கு இழுத்தாலும் தாள் சும்மா வந்தால், அந்தக் கால் தரையையே தாங்கவில்லை, இடுப்பு ஒருபுறம் சாய்ந்திருக்கிறது.

சரியாக நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல, சில நிமிடத்தில் சாய்ந்து விழுந்தால் மட்டுமே மூட்டு லூஸ். எந்த மூட்டு? பொம்மையைக் கிடையாகப் பிடித்து ஒவ்வொரு மூட்டுக்குக் கீழே உள்ள பாகம் தன் எடையில் தொங்குகிறதா என்று பாருங்கள். கணுக்காலிலிருந்து மேலே போங்கள். இடுப்பிலிருந்து கீழே வந்தால் எல்லாமே லூஸ் போலத் தோன்றும்.

'டக் டக்' என்று சத்தம் போடும், உள்ளே பல் வைத்த ராட்செட் மூட்டுக்கு ஸ்க்ரூவைத் தவிர வெளி மருந்து கிடையாது. ஸ்க்ரூ இறுக்கிய பிறகும் பல் நழுவினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, கடைக்காரருக்கு எழுதுங்கள். உராய்வில் நிற்கும் மூட்டுக்கும் பந்து மூட்டுக்கும் பூச்சு உண்டு. தண்ணீரில் கரைந்த, நிறமில்லாத அக்ரிலிக் தரைப் பாலிஷை ஒரு சொட்டு பந்தின் மேல் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். டர்பனில் கோடையில் ஒரு இரவு முழுக்க விட்டால் நல்லது, ஈரக் காற்றில் சீக்கிரம் காயாது. போதவில்லையென்றால் இன்னொரு பூச்சு. பாட்டி வீட்டுத் திண்ணைக்குப் போடும் சிவப்புப் பாலிஷ் அல்ல, அது மெழுகு, இன்னும் வழுக்கும். பலர் நெயில் பாலிஷ் சொல்வார்கள். அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. சூப்பர் க்ளூ சொல்பவர்களும் உண்டு. அது ஈரத்தைக் குடித்தே இறுகும் பசை, நம் ஊர்க் காற்றில் நினைத்ததற்கு முன்பே இறுகிவிடும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் விமானி அறைக் கண்ணாடியில் வெள்ளையாகப் படர்ந்து கண்ணாடியையும் கெடுக்கும்.

மூட்டு அசையவே மாட்டேன் என்கிறது

பலம் காட்டாதீர்கள். அந்த மூட்டு வேறு எதிலாவது பூட்டியிருக்கிறதா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள். பூட்டு இல்லையென்றால் ஸ்க்ரூவைக் கால் திருப்பம் தளர்த்துங்கள். ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டு, பாகத்தை மூட்டுக்கு மிக அருகில் பிடித்து, இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக அசையுங்கள். தூரத்திலிருந்து பிடித்து நெம்பினால் முறிவது மூட்டு அல்ல, நடுவிலுள்ள மெல்லிய தண்டு.

ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். நேராக வலப்பக்கம் திருகத் தொடங்காதீர்கள். முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ஸ்க்ரூ 'டிக்' என்று கொஞ்சம் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரைத்தடம் அங்கே தொடங்குகிறது. அதிலிருந்து திருகினால் பழைய தடத்திலேயே போகும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புதுத்தடம் வெட்டும், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு ஸ்க்ரூ எதையும் பிடிக்காது.

வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது

நிறமுள்ள பிளாஸ்டிக்கில் வெண்மையாக ஒரு மங்கல் தெரிந்தால் அது அழுத்தத் தழும்பு. அந்த இடம் ஒரு முறை வளைந்திருக்கிறது. நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் வழுக்கினால் இன்னும் உடையவில்லை. நகம் தட்டினால் விரிசல். விரிசல் ஸ்க்ரூ துளையையோ பின் துளையையோ சுற்றி ஓடினால், மாற்றுவதை நிறுத்தி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். வந்த அன்றே இருந்த விரிசல் என்பதற்கு அந்தப் பெட்டி திறக்கும் வீடியோ சாட்சி.

சிலர் உடனே ஒட்டிவிடுவார்கள். மூட்டுப் பாகங்கள் பல வழுவழுப்பான பாலிஅசெட்டாலில் செய்யப்பட்டவை. அதில் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. துளையிட்டு உலோகக் கம்பி வைப்பது ஒன்றுதான் வழி, அது பொறுமைசாலிகளுக்கு மட்டும். தங்க நிறத்தில் மினுமினுப்புச் சுழி ஓடும் பிளாஸ்டிக் பழைய பொம்மையில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை. அந்த வகைப் பிளாஸ்டிக் சில, நாளடைவில் தொட்டாலே பொடியாகும். செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

பிசுபிசுக்கிறது, வெள்ளைப் பொடி படிகிறது, மஞ்சளாகிறது

இந்த மூன்றும் நம் கடற்கரைச் சீர். 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உலர்ந்த காற்றில் இருக்கிற ஜோகன்னஸ்பர்க் நண்பர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, அவர்களுடைய புலம்பல் எல்லாம் குளிர்காலத்தில் ஒட்டும் தூசியைப் பற்றித்தான்.

பிசுபிசுப்பு மென்மையான பிவிசி பாகங்களில் வரும். அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மேலே கசிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவிக் காயவையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பதுதான் இதை மோசமாக்குகிறது.

வெள்ளைப் பொடி டை-காஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோகப் பாகங்களில் வரும், துத்தநாகக் கலவை ஈரத்திலும் உப்புக் காற்றிலும் அரிபடுவது. ப்ளஃப் போன்ற கடலோரப் பகுதிகளில் ஜன்னலைத் திறந்து வைக்கும் வீடுகளில் சீக்கிரம் தெரியும். பெயின்ட் உரிந்த இடத்தில்தான் தொடங்கும் என்பதால், உலோகப் பாதம் உராயும் இடத்தைப் புதிதாக இருக்கும்போதே நிறமற்ற வார்னிஷால் தொட்டு மூடிவிடுங்கள். எஃகுப் பின்கள் பழுப்பானால் அது துரு. கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும், அதை அவ்வப்போது மாற்றுவதும் உதவும். அதிக டை-காஸ்ட் என்று விளம்பரம் செய்யும் பொம்மைக்கு ஏன் கூடுதல் காசு தருகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. எடை கூடும், மூட்டு சீக்கிரம் தளரும், இங்கே அரிக்கவும் செய்யும்.

மஞ்சள் வெயிலால் வருவது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஊர் வழக்கத்தில் வடக்கு ஜன்னலைப் பாதுகாப்பானது என்று நினைத்து அலமாரியை அங்கே வைத்துவிடுகிறார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 பாகையில் இருக்கிறோம், இங்கே வடக்குதான் வெயில் பக்கம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வந்து அறையின் உள்சுவர் வரைக்கும் அடிக்கும். வெள்ளை, வெளிர் சாம்பல் ஜெட் என்றால் தெற்குப் பார்த்த அறைக்கு மாற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுக்கும் முறை உண்டு, ஆனால் மஞ்சள் திரும்பி வரக்கூடும், பெயின்ட் அடித்த பாகத்துக்கு ஆகாது.

விளக்கு எரியவில்லை

பேட்டரி அறையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு செருகியிருப்பார்கள், எடுத்தீர்களா? எடுத்தாகிவிட்டதென்றால் பட்டன் பேட்டரியின் கூட்டல் பக்கம், பிறகு தொடும் தகடு. தகடு மங்கியிருந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், பெயின்ட்டில் படாமல். அலமாரியில் நிற்கும் காலத்தில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் தகடே போய்விடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பட்டன் பேட்டரி எங்கே இருக்கிறது என்பது எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இது தர்ட் பார்ட்டியா, கே.ஓ.வா?

கே.ஓ. (நாக்-ஆஃப்) என்பது இன்னொருவர் பொம்மையைப் பார்த்து அச்சு எடுத்த நகல். விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகம் வரட்டும். பெட்டியில் எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும், உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இருக்கும், நுண்கோடுகள் ஆழம் குறைந்து தெரியும். கே.ஓ. எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன், சில நன்றாகவே மடிகின்றன. ஆனால் மாற்றுப் பாகம் கிடைக்காது. நகலில் பதிவு பெற்ற சின்னமும் பெயரும் அச்சடித்திருந்தால் இங்கே 1997ஆம் ஆண்டின் 37ஆம் எண் போலிப் பொருள் சட்டத்தின் கீழ் சுங்கத்தில் பிடிபடவும் கூடும். தர்ட் பார்ட்டிக்காரர்கள் பொம்மையில் ஹாஸ்ப்ரோவின் சின்னங்களைப் போடாமல் விடுவது இந்த வம்பு வேண்டாம் என்றுதான்.

கோளாறே இல்லை, ஆனால் மாற்ற மனம் வரவில்லை

இதையும் ஒரு அறிகுறியாகத்தான் சேர்க்கிறேன். எல்லாம் மூடுகிறது, நிற்கிறது, பெயின்ட் பளபளக்கிறது. ஆனால் ஒரு முறை மாற்ற அரை மணி நேரம், ஒவ்வொரு படியிலும் எங்கே உரசுமோ என்ற பயம். நகம் உடைகிற அளவுக்கு இறுக்கமான தகடுகள். கையேட்டைப் பார்க்காமல் மூன்றாவது முறையிலாவது மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அல்லது முடிந்தும் உரசும் தகடுகளின் விளிம்பில் பெயின்ட் போகத் தொடங்கினால், அது வடிவமைப்பின் குறை. விலையோ அளவோ அதை ஈடுகட்டாது. ஜெட்டாகவோ ரோபோவாகவோ ஒரே உருவத்தில் அலமாரியில் நிறுத்திப் பார்த்தாலே போதும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் புதுமை குறையும் முன்பே விற்பது நல்லது. விற்கும்போது நீங்கள் சரிசெய்த இடத்தையும் பூச்சுப் போட்ட மூட்டையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கையேடு, உதிரி ஏவுகணைகள், கூடுதலாக வந்த அந்த மாற்றுப் பாகம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுப் பெட்டியின் உள்ளே ஒட்டிக் கொடுங்கள். அந்தப் பாகம் இல்லையென்றால் வாங்குபவர் பேரம் பேசத் தொடங்குவதே அங்கிருந்துதான்.